லாரிக்கு லாக் புக் உண்டு, ஆளுக்கு இல்லை: பேரிடர் துறையில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

பேரிடர் மேலாண்மை, தீயணைப்பு, நகராட்சி நிர்வாகம், மக்கள் நல்வாழ்வு என்று நான்கு துறைக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஒரு துறைக்கு மட்டும் எழுதினால் அவர்கள் அடுத்த துறையைக் கை காட்டுவார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் ஒரு ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்க்கிறேன், எங்கள் இடத்திலும் அதே கதைதான்.

நான் வடசென்னையில் பிஎஃப்டி டெக்னீஷியன். நுரையீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கும் சோதனை. மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, "நல்லா இழுங்க, இழுங்க, இப்போ வேகமா ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று நாள் முழுக்கக் கத்துகிற வேலை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது எனக்கே மூச்சு வாங்கும்.

இந்த மெஷினைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட்டுத்தான் மேலே போக முடியும், ஏனென்றால் இந்த மடல் முழுக்க அதில்தான் நிற்கிறது. நீங்கள் ஊதியதை மெஷின் உங்களோடு ஒப்பிடுவதில்லை. உங்கள் வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதை வைத்து, இப்படிப்பட்ட ஒருவருக்குச் சராசரியாக எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டு, அதில் நீங்கள் எத்தனை சதவீதம் என்று சொல்கிறது. எண்பதுக்கு மேலே இருந்தால் பொதுவாக நார்மல் என்று எழுதிவிடுவோம்.

போன வருடம் ஒரு தீயணைப்பு வீரர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். இளவயதில் ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு மாடி ஒரே மூச்சில் ஏறுவாராம், இப்போது வீட்டு மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார். 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தபோது நாள் கணக்கில் அங்கே நின்றவர். குப்பை எரிவது வீடு எரிவது மாதிரி இல்லை, மேலே அணைத்தாலும் அடியில் புகைந்துகொண்டே இருக்கும், பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி எல்லாம் சேர்ந்த புகை. அவர் ஊதியதில் 84 சதவீதம் வந்தது. நார்மல்.

அவர் அந்தப் பேப்பரை வாங்கிக்கொண்டு ஏதோ பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர் மாதிரி எழுந்து போனார். ஆனால் யோசித்துப் பாருங்கள், தீயணைப்புத் துறையில் சேரும்போது உடல் தகுதி பார்த்துத்தானே எடுக்கிறீர்கள்? அவர் 25 வயதில் ஊதியிருந்தால் ஒருவேளை 110 வந்திருக்கும். 110 இருந்தவர் 84க்கு வந்திருக்கிறார் என்றால் அது நார்மலா? அந்தப் பழைய எண் எங்கேயாவது இருந்திருந்தால் டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். இல்லை. என்னிடம் ஊத வந்த தீயணைப்புக்காரர்கள், தூய்மைப் பணியாளர்கள், எண்ணெய் அள்ளிய மீனவர்கள், ஒருத்தர்கூட பழைய அளவு என்று ஒரு காகிதம் கொண்டுவந்தது கிடையாது.

இது கற்பனைக் கணக்கு இல்லை. நியூயார்க்கில் நடந்திருக்கிறது.

2001 செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரம் விழுந்ததில் அந்த நகரத் தீயணைப்புத் துறையில் மட்டும் 343 பேர் அன்றே இறந்தார்கள், அது எல்லோருக்கும் தெரியும். மீதிப் பேர் அந்த இடிபாட்டில் மாதக்கணக்கில் தோண்டினார்கள். டிசம்பர் வரை உள்ளே தீ கனன்றுகொண்டிருந்தது. அரைபட்ட கான்கிரீட், கண்ணாடி இழை, ஆஸ்பெஸ்டாஸ் எல்லாம் கலந்த தூசி, சுண்ணாம்புக் காரம். சம்பவம் நடந்து ஒரு வாரத்தில், செப்டம்பர் 18 அன்று, அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் காற்று சுவாசிக்கப் பாதுகாப்பானது என்று அறிக்கை விட்டார். (அதிகாரிகள் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். மன்னிக்கவும்.)

ஆனால் அந்தத் தீயணைப்புத் துறையில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. 2001க்கு முன்பிருந்தே ஆட்களைக் கூப்பிட்டு உடம்பைப் பரிசோதித்து, ஊத வைத்து, எண்ணை எழுதி வைத்திருந்தார்கள். யாரும் கோபுரம் விழும் என்று நினைத்து எழுதவில்லை, சும்மா வழக்கமான செக்கப். அந்த நோட்டுதான் பிறகு பேசியது. 12,000 சொச்சம் பேரின் முன் அளவையும் பின் அளவையும் வைத்துப் பார்த்தபோது, முதல் ஒரு வருடத்தில் சராசரியாக 372 மில்லி மூச்சுத் திறன் போயிருந்தது. வயதாவதால் வருடத்துக்கு 31 மில்லி போவது இயல்பு. ஆக, ஒரே வருடத்தில் பன்னிரண்டு வருடம் கிழடாகியிருந்தார்கள். அடுத்த ஆறு வருடம் தொடர்ந்து பார்த்ததிலும் போனது பெரிதாகத் திரும்பவில்லை. அவர்களிலும் பல பேர் என்னிடம் வந்து ஊதியிருந்தால் நான் நார்மல் என்று எழுதித்தான் அனுப்பியிருப்பேன்.

எண் கையில் இருந்தும் அங்கே பட்ட பாடு கொஞ்சமில்லை, அதையும் சொல்கிறேன். அவர்களுக்கு வைத்தியமும் இழப்பீடும் கொடுக்கும் சட்டம் கையெழுத்தானது 2011 ஜனவரியில், அதாவது ஒன்பது வருடத்துக்கு மேல் கழித்து. அந்தச் சட்டத்துக்கு ஜேம்ஸ் ஸாட்ரோகா என்ற போலீஸ்காரர் பெயரை வைத்தார்கள், 34 வயதில் நுரையீரல் கெட்டு இறந்தவர். அவர் எதனால் இறந்தார் என்பதிலேயே பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் ஒன்று சொன்னார், நியூயார்க் நகரத்தின் தலைமை மருத்துவப் பரிசோதகர் வேறு சொன்னார். சட்டத்துக்கே பெயர் கொடுத்தவருக்கு இந்த நிலைமை. 2015லும் 2019லும் நோயாளிகள் சக்கர நாற்காலியில் போய் உட்கார்ந்து கேட்டுத்தான் நீட்டிப்பு வாங்கினார்கள். 2023 செப்டம்பரில், பிறகு நோய் வந்து இறந்த தீயணைப்புக்காரர்களின் எண்ணிக்கையும் அதே 343ஐத் தொட்டது. இப்போது அதையும் தாண்டிவிட்டது.

சரி, அது அமெரிக்கா, நாம் நாகப்பட்டினத்துக்கு வருவோம்.

என் தாய்மாமா மேற்கு மாவட்டம் ஒன்றில் ஒரு நகராட்சியில் துப்புரவுப் பணியாளர். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை சுனாமி. அடுத்த ஓரிரு நாளில் "நாகையில வேலை, ஏறு" என்று லாரியில் ஏற்றினார்கள். என்ன வேலை என்று யாரும் சொல்லவில்லை, கூட்டிப் பெருக்கத்தான் இருக்கும் என்று நினைத்து மாற்று லுங்கி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். நாகை மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 6,000க்கும் மேல். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் மாமா செய்த வேலை என்னவென்று நான் விவரிக்கப் போவதில்லை, உங்களுக்கே தெரியும், கோப்பில் "அப்புறப்படுத்துதல்" என்று இருக்கும். அவர் சொன்ன வரைக்கும் முதல் இரண்டு நாள் வெறும் கைதான், பிறகுதான் கையுறையும் முகக்கவசமும் வந்தன. பிளீச்சிங் பவுடர் மட்டும் முதல் நாளிலிருந்தே தாராளம். சாராயமும்.

திரும்பி வந்தவர் பேசவில்லை. வருடா வருடம் மார்கழியில் இருமல் ஆரம்பித்தால் தை முடியும் வரை நிற்காது. அத்தை பாத்ரூமில் பிளீச்சிங் போட்டால் தெருவுக்குப் போய் நின்றுகொள்வார். அதெல்லாம்கூட எங்களுக்குப் புரிந்தது. புரியாதது ஒன்று இருந்தது: ஈரத்துணி மூட்டையைத் தூக்கவே மாட்டார். துவைத்த துணியை வாளியோடு மாடிக்குக் கொண்டுபோகச் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவார். வீட்டில் அவருக்கு இருபது வருடமாகச் சோம்பேறி என்று பெயர். நானும் சொல்லியிருக்கிறேன். இந்தப் படிப்பு படித்து, இந்த வேலைக்கு வந்து, ஒரு நாள் ஏதோ பேச்சில் அவரே "நனைஞ்ச துணிக்குள்ள கனம் எப்படி இருக்கும்னு கைக்குத் தெரியும் அம்முணி" என்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

இதற்கும் ஆய்வு இருக்கிறது, மாமா மட்டும் இல்லை. நியூயார்க்கில் மீட்பு வேலை பார்த்த சுமார் 29,000 பேரை இரண்டு மூன்று வருடம் கழித்து விசாரித்தபோது, அந்த அதிர்ச்சி மனதை விட்டுப் போகாத நோய் போலீஸ்காரர்களில் 6.2 சதவீதம் பேருக்கு இருந்தது. எந்த அமைப்பையும் சேராமல், பயிற்சி இல்லாமல் வந்து நின்ற தன்னார்வலர்களில் 21.2 சதவீதம். மூன்று மடங்குக்கு மேல். பயிற்சி என்பது வேலையைச் சரியாகச் செய்ய மட்டும் இல்லை, செய்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கவும் வேண்டியிருக்கிறது. இப்போது சொல்லுங்கள், தெரு கூட்டுகிறவரை முன்பின் சொல்லாமல் லாரியில் ஏற்றிப் பிணக்குவியலுக்கு நடுவில் இறக்கினால் அவர் இந்த இரண்டில் எந்தக் கணக்கில் வருவார்? யாரை ஏற்றினார்கள், யாரை ஏற்றவில்லை, ஏற்றப்பட்டவர்கள் எல்லாம் எந்தத் தெருக்காரர்கள் என்பது தனிப் பேச்சு. அதை நீங்களும் நானும் அறிவோம், அதற்கு இன்னொரு மடல் வேண்டும்.

மாமா ஓய்வு பெறும் சமயத்தில் அவர் நாகைக்குப் போனதற்கு ஏதாவது காகிதம் கிடைக்குமா என்று அந்த அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அங்கே இருந்த எழுத்தர் நல்ல மனுஷர், உண்மையாகவே தேடினார். பழைய கட்டுகளைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "லாரி போனதுக்கு இருக்கும்மா. டீசல் பில் இருக்கு, லாக் புக்கில கிலோமீட்டர் இருக்கு. ஆளுங்க பேரு எழுதலை."

எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று லாரிக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் ஏறிப் போனவர் யார் என்று எழுதவில்லை. இந்த மடலை எழுத வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன், உட்கார்ந்து எழுத இவ்வளவு வருடம் ஆகிவிட்டது, அது என் தப்பு.

எண்ணூர் கதையும் இதே மாதிரிதான். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கசிந்தபோது கரையில் வாளியால் அள்ளிய படம் ஊர் முழுக்கச் சிரிப்பாகச் சிரித்தது. வாளியைப் பார்த்துச் சிரித்தோமே, வாளியைப் பிடித்த கை யாருடையது என்று எழுதி வைத்தோமா? தீயணைப்பு, கடலோரக் காவல், மீனவர், கல்லூரிப் பிள்ளைகள், யார் யாரோ வந்தார்கள். அப்புறம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்கு வந்தது. படகெல்லாம் கறுப்பு, வலையெல்லாம் கறுப்பு. எண்ணெயால் பிழைப்புப் போன மீனவர்களே குவளையையும் வாளியையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள், ஆரம்ப நாட்களில் பலரும் வெறும் கையோடு.

அந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் பிறகு என் மெஷினில் ஊத வந்தார். தொழில் என்ற இடத்தில் மீன்பிடி என்று எழுதியிருந்தார். சோதனை முடிந்து கிளம்பும்போது அவர் மனைவிதான், "இதெல்லாம் எண்ணெய் அள்ளுனதுல இருந்துதான் மேடம்" என்றார். அவர் உடனே "அதுலாம் ஒண்ணுமில்ல, பீடி" என்று அடக்கிவிட்டார். பீடியாகவும் இருக்கலாம். எண்ணெயாகவும் இருக்கலாம். எங்கள் படிவத்தில் அதற்கு இடமே இல்லை, நான் ஓரத்தில் பேனாவால் எழுதினேன். கம்ப்யூட்டரில் ஏறும்போது ஓரம் ஏறாது.

ஸ்பெயினில் 2002 நவம்பரில் பிரெஸ்டீஜ் என்ற எண்ணெய்க் கப்பல் கலீசியா கரைக்கு அப்பால் உடைந்தது. அங்கேயும் மீனவர்கள்தான் அள்ளினார்கள். ஆனால் யார் அள்ளினார்கள் என்று மீனவர் சங்கங்கள் மூலம் தேடிப் பிடிக்க முடிந்தது. 6,780 மீனவர்களிடம் கேட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் அள்ளப் போனவர்களுக்கு மூச்சுத் தொந்தரவு அதிகம், எத்தனை நாள் அதிகமாக அள்ளினார்களோ அத்தனை அதிகம். இரண்டு வருடம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தபோது குரோமோசோம் அளவிலேயே மாறுதல் தெரிந்தது. மெக்சிகோ வளைகுடாவில் 2010ல் எண்ணெய்க் கிணறு வெடித்த பிறகு, சுத்தம் செய்யப் போனவர்களும் அதற்குப் பயிற்சி எடுத்தவர்களுமாகச் சுமார் 33,000 பேரைப் பெயர் பெயராக எழுதித் தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். செர்னோபிலில் அந்தக் காலச் சோவியத் அரசுகூட, எத்தனையோ மறைத்த அரசு, துப்புரவுக்குப் போன சுமார் 6 லட்சம் பேருக்கு இவர் அங்கே வேலை பார்த்தவர் என்று சான்றிதழ் கொடுத்தது. நமக்கு அதுவும் கிடையாது.

ஆக, நான் கேட்பது மூன்று. நிவாரணம் கேட்கவில்லை, சிலை கேட்கவில்லை, குடியரசு தினத்தில் பதக்கம் கேட்கவில்லை.

ஒன்று, பேர். அடுத்த புயலுக்கு, தீக்கு, கசிவுக்கு ஆள் அனுப்பும்போது ஒரு நோட்டு போடுங்கள். பெயர், போன் நம்பர், எந்த இடம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி, என்ன வேலை, மூக்கில் என்ன மாட்டியிருந்தார். நிரந்தரமா, ஒப்பந்தமா, தினக்கூலியா, சும்மா உதவ வந்தவரா என்று பார்க்காமல் எல்லோருக்கும். அதில் ஒரு சீட்டைக் கிழித்து அவர் கையிலும் கொடுங்கள். ஒப்பந்தக்காரர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அவர்களோடு கோப்பும் போய்விடும், அந்தச் சீட்டு மட்டும்தான் அவர் பெட்டியில் இருக்கும். நியூயார்க்கில் வேலை செய்த காகிதம் இல்லாதவர்கள், நான் அங்கே இருந்தேன் என்பதற்கு இரண்டு பேரைத் தேடிப்பிடித்துச் சத்தியப் பிரமாணம் வாங்க வேண்டியிருந்தது, இருபது வருடம் கழித்து. மாமாவோடு லாரியில் போனவர்களில் இப்போது உயிரோடு இருப்பவர்களை எண்ண ஒரு கை போதும்.

இரண்டு, முன் அளவு. தீயணைப்பு நிலையம் ஒவ்வொன்றிலும், பிறகு தூய்மைப் பணியாளர்களுக்கும், தொழிற்சாலை ஓரத்துக் கடற்கரைக் கிராமங்களிலும் வருடத்துக்கு ஒரு தடவை ஊத வையுங்கள். பத்து நிமிட வேலை. கையடக்க ஸ்பைரோமீட்டர், அதாவது ஊதிப் பார்க்கும் மெஷினின் சின்ன வடிவம், ஒரு நல்ல செல்போன் விலைக்குக் கிடைக்கிறது, மாவட்டத்துக்கு நாலு வாங்கினால் சுற்றுக்கு விடலாம். ஆனால் ஊத வைக்கத் தெரிந்த ஆள் வேண்டும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள், அரை மூச்சில் ஊதிய எண் எதற்கும் உதவாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2022ல் தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது, புகையிலை இருக்கும் அதே பிரிவு. தீ அணைந்த பிறகு கரியைக் கிளறும்போது கவசத்தைக் கழற்றிவிட்டு நிற்பது நம் ஊரில் சகஜம், அந்த நேரத்துப் புகைதான் ஏமாற்றும் புகை. இதை உங்கள் நிலைய அலுவலர்களிடம் சொல்லி வையுங்கள்.

மூன்று, திரும்பக் கூப்பிடுவது. ஒரு வருடத்தில், ஐந்து வருடத்தில், பத்து வருடத்தில். நோய் வந்தால் அவரே வரட்டும் என்று இருந்தால் வர மாட்டார், பீடி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இதற்குப் புதுத் திட்டம், புது லோகோ எதுவும் வேண்டாம். 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் பிபி மாத்திரையும் சுகர் மாத்திரையும் வீட்டுக்கே போய்க் கொடுக்கிறார்கள், நல்ல திட்டம், எங்கள் தெருவிலும் வருகிறார்கள். அந்தப் பெண்கள் கையிலிருக்கும் படிவத்தில் ஒரே ஒரு கேள்வி சேருங்கள்: பேரிடர் வேலைக்குப் போயிருக்கிறீர்களா, எங்கே, எப்போது? அதைத் தொடர்ந்து இன்னொன்று, தூக்கம் எப்படி இருக்கிறது? இந்த இரண்டாவது கேள்வியை என் மாமாவிடம் இருபது வருடத்தில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

பட்டியல் போட்டால் போகாதவனும் பெயரைச் சேர்ப்பான் என்பீர்கள். சேர்ப்பான்தான். அமெரிக்காவிலும் பொய் சொல்லி உதவித்தொகை வாங்கிய போலீஸ்காரர்கள் மாட்டினார்கள், வழக்குப் போட்டார்கள், உண்மையானவர்களுக்கு வைத்தியம் நிற்கவில்லை. அன்றன்றைக்கு அங்கேயே எழுதினால் பொய் குறைவு. இருபது வருடம் கழித்து எழுதினால்தான் யார் போனார்கள் என்றே தெரியாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். எங்கேயாவது தண்ணீர் நிற்கும், வெளி மாவட்டத்திலிருந்து லாரியில் ஆள் வரும், அது நிச்சயம். அந்த லாரி கிளம்பும் முன் ஏறுகிறவர்கள் பெயரை எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். நாகைக்குப் போன பழைய ஆட்களுக்கும் அதில் கடைசியில் நாலு பக்கம் விடுங்கள். மாமா பெயரையும், அவருக்கு ஞாபகம் இருக்கிற மற்றவர்கள் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன், பதினோரு பெயர், அதில் நாலு பேருக்கு அப்பா பெயர் தெரியவில்லை. எந்த அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
வடசென்னையிலிருந்து ஒரு பிஎஃப்டி டெக்னீஷியன்